பத்து சென்டிமீட்டர் தண்ணீர்

முப்பது வருசம்
கல்லுக்குள் காற்றை அடித்திருக்கிறேன்.
திருச்செங்கோட்டு வண்டி, சத்தீஸ்கர் வெயில்,
ஆயிரத்து இருநூறு அடி.
கம்ப்ரசர் போடுகிற போடில்
பாறை மாவாகி மேலே வரும்.
தண்ணீர் இருந்தால் சேறு,
இல்லாவிட்டால் புகை.
பக்கத்திலேயே கட்டில் போட்டுத் தூங்குவேன்.
அந்த இரைச்சல் நின்றால்தான் விழிப்பேன்.

துளசிமணியும் அப்படித்தான் என்று
ஈரோட்டு டாக்டரிடம் அவள் சொன்னபோதுதான் தெரிந்தது.
"கொறட்டைக்கெல்லாம் எந்திரிக்க மாட்டனுங்க.
நின்னு போனாத்தான் எந்திரிப்பேன்.
எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பேன்.
ஒருக்கா நாப்பது வரைக்கும் போயிருச்சுங்க."

பதினொரு வருசமாக.
என்னிடம் சொன்னதில்லை.
சொல்லியிருந்தால்
யாரு, நானா குறட்டை விடறேன் என்று
சண்டைக்குப் போயிருப்பேன்.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்கவைத்து
மணிக்கு நாற்பத்து மூன்று தடவை நிற்கிறது என்றார்கள்.
போன மாசியில்
சங்ககிரி இறக்கத்தில் கார் ஓரம் போய்ப்
புளியமரத்தை உரசியது.
கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று
எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

மெஷின் கொண்டுவந்த பையன் பிரகதீஷ்.
டிபன் டப்பா அளவு. ஒரு குழாய். மூக்குக்கு ஒரு மூடி.
"பிரஷர் எவ்வளவு வெச்சிருக்கற?"
"பத்துங்ண்ணா."
"பத்து பிஎஸ்ஐயா?"
"இல்லீங்ண்ணா, பத்து சென்டிமீட்டர் தண்ணி.
இதையெல்லாம் தண்ணி ஒசரத்துலதான் அளக்கறது."
சிரித்துவிட்டேன்.
என்ற வண்டியில் முந்நூறு பிஎஸ்ஐ.
இது ஒரு சொம்பு நிறையாது.

முதல் ராத்திரி
அந்தச் சொம்புத் தண்ணீர் என்னைத் தூக்கிப்போட்டது.
மூச்சை வெளியே விட
எதிர்த்துத் தள்ளவேண்டியிருந்தது.
ஐம்பத்து நாலு வயதில்
விடத் தெரியவில்லை எனக்கு.
பன்னிரண்டே காலுக்குக் கழற்றி எறிந்தேன்.
இரண்டாம் ராத்திரி கழற்றியதே நினைவில்லை.
காலையில் அது கட்டிலடியில்
சீறிக்கொண்டு கிடந்தது.

மூன்றாம் நாள் பையன் என் மீசையைப் பார்த்தான்.
"அந்தப் பக்கந்தாங்ண்ணா காத்து கசியுது."
"மீசையை எடுக்கோணும்னா
மெஷினை எடுத்துட்டுப் போயிரு."
மூக்குத் துளையோடு நிற்கிற வேறு மாடல் கொடுத்தான்.
பகலில், டிவி பார்க்கும்போது,
போட்டுப் பழகச் சொன்னான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஞாயிறன்று
மோளிப்பள்ளி ஒறம்பரை பத்திரிகை வைக்க வந்துவிட்டார்கள்.
வாசல் மிதித்தவர்களை
வாங்க என்று சொல்லாத வீடில்லை இது.
வாயைத் திறந்தேன்.
மூக்கில் போன காற்று முழுக்க
புஸ்ஸென்று வாய்வழியே வந்தது.
வாங்க வரவில்லை.
கும்பிட்டேன்.
அந்தம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுத்
துளசியின் கையைப் பிடித்துக்கொண்டது.
"எத்தன நாளைக்குன்னு சொல்லியிருக்காங்க?"
"ஆயுசுக்குமுங்க," என்றாள் இவள்.
அழுகை கூடிப்போயிற்று.

ஒன்பதாம் ராத்திரி.
நாலில் ஆரம்பித்து மெல்லமெல்லப் பத்துக்கு ஏறுகிறது.
மேல்மண்ணில் நாங்களும் அப்படித்தான்.
எடுத்ததும் வேகம் கொடுத்தால் குழி சரிந்துவிடும்.
எதிர்க்காமல் கிடந்தேன்.
என்னவோ கனவு.
ஏதோ பேங்க்கில் வரிசையில் நிற்கிறேன், அவ்வளவுதான்.
கனவு கண்டே எத்தனை வருசம்.

மூன்று மணிக்கு விழிப்பு.
மூக்குக்குக் கீழே ஒரு கை.
மூச்சு வெளியேறும் துவாரத்துக்கு நேராக
உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு
இருட்டில் துளசிமணி உட்கார்ந்திருந்தாள்,
ஈரம் ஏறுகிறதா என்று
குழிவாயில் கை நீட்டிப் பார்ப்போமே
அது மாதிரி.

என்ன என்று கேட்டால் காற்று போய்விடும்.
கண்ணால் கேட்டேன்.
"சத்தமே இல்லீங்க," என்றாள்.
"தூக்கம் வரமாட்டீங்குது."

விடிந்து பார்த்தால்
திரையில் ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம்.
கன்னத்தில் பட்டை அழுந்திய கோடு.
பால்காரர் ஹாரன் அடிக்கிறார்.
அவள் அசையவில்லை, வாய் லேசாகத் திறந்து,
மெலிசாக ஒரு குறட்டை.
கொஞ்ச நேரம் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுச்
சொம்பை நானே எடுத்துக்கொண்டு போனேன்.